எட்டு வருஷம் இறங்காத காற்று

27-2-97, வியாழன்

வெயில் இப்போதே மண்டையைப் பிளக்கிறது. காலை டூட்டி. பிரசவ வார்டில் மூன்று, மூன்றும் பெண். ஒரு மாமியார் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள். "நீங்க பொறந்தப்பவும் இப்படித்தான் நின்னாங்களா?" என்று கேட்டுவிட்டேன். பெரிய சிஸ்டர் முறைத்தாள். முறைக்கட்டும். ரிட்டையர் ஆக இன்னும் ஆறே வருஷம்.

மகள் கவிதாவுக்குக் கட்டுச்சோறு, ஒன்பதாம் மாத வளைகாப்பு, 9-ஆம் தேதி ஞாயிறு. பத்தே நாள். ஆக வேண்டியவை:

ஒன்பது வகைச் சோறு. புளி, எலுமிச்சை, தேங்காய், தயிர், தக்காளி, எள், கருவேப்பிலை, சர்க்கரைப் பொங்கல். எட்டுதான் வருகிறது. மல்லிகாவைக் கேட்க வேண்டும்.
கண்ணாடி வளையல் ஆறு டஜன்.
சோறு எடுத்துப்போகப் பெரிய தூக்குப் போசி மூன்று, இரவல்.
எனக்கு லீவு, ஞாயிறும் திங்களும்.
திரும்பும்போது க.வைக் கூட்டி வந்துவிடுவது. பிரசவம் இங்கே, என் வார்டில். அவள் அறைக்கு வெள்ளை அடிக்க வேண்டும்.

வளையல் போடுவது, பொட்டு வைப்பது எல்லாம் மல்லிகா. என் கொழுந்தனார் துரைசாமியின் மனைவி. நான் தாலி அறுத்தவள் என்பதால் எனக்குச் சமைக்க மட்டும் உரிமை. தினமும் இந்தக் கையால்தான் ஊரார் பிள்ளைகளை வெளியே எடுக்கிறேன், அங்கே ஒருவரும் சகுனம் பார்ப்பதில்லை.

சாயங்காலம் பொள்ளாச்சியிலிருந்து க. போன். "அம்மா, வாடகைக் கார் வேண்டாம். அப்பா கார்லயே வந்து என்னைக் கூட்டிட்டுப் போங்க." பின்னால் அவள் மாமியார் குரல், எனக்குக் கேட்கட்டும் என்றே: "சொந்தக் கார் இருக்குதுன்னுதான சொன்னாங்க. ஒரு தடவ நாங்களும் கண்ணுல பாக்கறோம்."

வயிற்றெரிச்சல். "வரும் கண்ணு" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

கார் கொட்டகையில்தான் நிற்கிறது. பழைய பியட், வெள்ளை. எண்பத்தெட்டு ஐப்பசியில் என் வீட்டுக்காரர் நாலும் புது டயராக மாட்டி, ஈச்சனாரி பிள்ளையார் கோயிலுக்குப் போய்ப் பூஜை போட்டுத் திரும்பினார். போக வர முப்பது கிலோமீட்டர், அந்த டயர் ஓடியது அவ்வளவுதான். தை மாதம் மில்லில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அதற்கு முந்தின ஞாயிறுதான் காற்றடித்து, அச்சுக்கு அடியில் செங்கல் அடுக்கி வண்டியை ஏற்றி வைத்தார். "ஓட்டாதப்ப டயர் மேல பாரம் நிக்கக் கூடாது" என்பார். அதன் பிறகு நான் யாரையும் தொட விடவில்லை. கொட்டகைச் சாவி என் இடுப்பில்.

1-3-97, சனி

துரைசாமி காலை எட்டு மணிக்கே வந்துவிட்டார். எங்கள் ஏரியா கணபதியிலேயே சொந்த லேத் பட்டறை, அவருக்குத் தெரியாத மெஷின் உலகத்தில் இல்லை என்று நினைப்பு. கையோடு புது பேட்டரி, ஒரு கேன் பெட்ரோல். மல்லிகாவும் வந்தாள். ஒன்பதாவது சோறு: நெல்லிக்காய். தீர்ந்தது.

ஜாக்கி வைத்துச் செங்கலை ஒவ்வொன்றாக உருவினார். வண்டி மெதுவாகக் கீழே இறங்கியது. டயர் சப்பென்று அமுங்கும், அப்புறம் பம்ப் தேட வேண்டும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அமுங்கவில்லை. நாலும் கிண்ணென்று நின்றன. நேற்று அடித்த காற்று மாதிரி.

துரைசாமி விரலால் தட்டிப் பார்த்தார். நாலையும் தட்டிவிட்டு எழுந்தார். "நங்கையா, இது எங்கண்ணன் அடிச்ச காத்துங்க." அண்ணன் மனைவியை நங்கையா என்பதுதான் வழக்கம், ஆனால் இன்றைக்கு அந்தக் குரலே வேறாக இருந்தது. மல்லிகா கும்பிட்டுக்கொண்டாள்.

எனக்கு மேலெல்லாம் சிலிர்த்துவிட்டது. அவருடைய சட்டை பீரோவில் இருக்கிறது, வாட்ச் இருக்கிறது. ஆனால் அவர் காலால் மிதித்து உள்ளே அனுப்பிய காற்று இன்னும் அப்படியே இருக்கிறது என்பது வேறு. அவர்கள் போன பிறகு முன் டயரில் கையை வைத்துப் பார்த்தேன். கதகதப்பாக இருந்தது. கொட்டகைக்குள் வெயில் வராது.

இன்ஜின் நாலாவது முயற்சியில் கிளம்பியது.

2-3-97, ஞாயிறு

காலையில் கொட்டகையைத் திறந்தால் தரையில் கறுப்பு அடையாளம். நாலு டயருக்கும் அடியில், உள்ளங்கை அகலம். சோப்பு, மண்ணெண்ணெய், வாஷிங் சோடா எதற்கும் போகவில்லை. முதுகு போனதுதான் மிச்சம்.

வண்டியை நான் நகர்த்தவில்லை. துரைசாமியும் வரவில்லை. ஆனால் முன் பக்க அடையாளம் டயருக்கு வெளியே ஒரு விரல் தள்ளி இருந்தது.

பத்து மணி சுமாருக்குக் கொட்டகைக்குள் டிக் டிக்கென்று சத்தம். பல்லி என்று பார்த்தேன், பல்லி இல்லை. காதை வைத்துக் கேட்டால் டயரிலிருந்துதான் வந்தது. ஒன்று நின்றால் இன்னொன்று ஆரம்பிக்கும். எதிர் வீட்டு சரோஜா வாசலில் நின்று, "ஏனுங் சிஸ்டரு, யாருகூட பேசிட்டு இருக்கறீங்க?" என்றாள். பேசிக்கொண்டா இருந்தேன்? தெரியவில்லை.

அரிசி இருபது படி சொல்லியாகிவிட்டது. வளையல் பாக்கி.

4-3-97, செவ்வாய்

நைட் டூட்டி முடிந்து வந்து கண் எரிகிறது. தூங்க விடாமல் துரைசாமி வந்து, "ஒரு ரவுண்டு போயி பாத்துட்டு வந்துரலாங்க நங்கையா" என்றார். பின் சீட்டில் உட்கார்ந்தேன், எப்போதும் போல இடது பக்கம். வலது பக்கம் அவர் குடையை வைப்பார்.

தெருவில் ஊர்ந்தபோதே ஆரம்பித்தது. தொம். தொம். தொம். எங்கோ அடியில், ஒரே சீராக. கேட்டதும் எனக்குக் கை தானாக வாட்சுக்குப் போய்விட்டது. இருபத்தாறு வருஷப் பழக்கம். முழு நிமிஷம் எண்ணினேன். எழுபத்திரண்டு.

அவருடைய நாடி எப்போது பார்த்தாலும் எழுபத்திரண்டுதான் இருக்கும். படியேறி வந்தாலும் அதுதான். நான் கேலி செய்வேன்.

சத்தி ரோட்டுக்கு வரும்போது கொஞ்சம் வேகம் எடுத்தார். மறுபடி எண்ணினேன். நூற்று நாற்பத்தி நாலு. அது பெரியவர்கள் நாடி அல்ல. வயிற்றுக்குள் இருக்கும் குழந்தைக்குத்தான் அப்படி அடிக்கும். போன மாதம் க. வந்தபோது குழந்தையின் துடிப்பு கேட்கும் குழாயை வயிற்றில் வைத்து நானே எண்ணியது அதே எண்.

"நிறுத்துங்க, நிறுத்துங்க."

"ஒரே எடத்துல நின்னதுனால அடிப்பக்கம் சித்தெ சப்பையா ஆயிருக்குமுங்க. ஓட ஓட சரியாயிரும்."

"செங்கல் மேலதான நின்னுது? எப்படிச் சப்பையாகும்?"

துரைசாமி கியரை மாற்றினார். சரவணம்பட்டி வரை போய்த் திரும்பினோம். சரியாகவில்லை.

நான் சயன்ஸ் படித்தவள். பேய் பிசாசு என்றால் வார்டில் சிரிக்கிறவள். ஆனால் இறங்கும்போது அழுகை வந்தது, பயத்தில் பாதி, மீதி சந்தோஷம். ஆமாம், சந்தோஷம். இங்கே யார் படிக்கப் போகிறார்கள், எழுதி வைக்கிறேன்.

6-3-97, வியாழன்

உக்கடத்தில் டயர் கடை வைத்திருக்கும் காதர் பாய்க்குச் சொல்லி அனுப்பினேன். அவர் வீட்டம்மாவுக்கு மூன்று பிரசவமும் நான் பார்த்தது. மத்தியானத் தொழுகை முடிந்த கையோடு வந்துவிட்டார். துரைசாமிக்குச் சொல்லவில்லை. தெரிந்தால் கோபித்துக்கொள்வார்.

பாய் முதலில் ஒன்றும் தொடவில்லை. குனிந்து டயரின் மேல் இருக்கும் சின்னச் சின்ன ரப்பர் மீசைகளைப் பார்த்தார். "ஓடவே இல்லையே! புத்தம் புதுசு." அப்புறம் நகத்தால் ஓர் அழுத்து. நகம் பதிந்த இடம் எழும்பவே இல்லை. விரலை முகர்ந்து பார்த்தார்.

"தேங்கா எண்ணெய். யாரும்மா தடவுனது?"

நான்தான். வருஷா வருஷம் ஆயுத பூஜைக்குக் காரைக் கழுவி, டயருக்குத் தேங்காய் எண்ணெய் தடவி, பொட்டு வைத்து, பூ வைத்து. எட்டு ஆயுத பூஜை. பளபளவென்று இருக்கும். அதைப் பார்த்தால் நாளைக்கே ஓட்டிக்கொண்டு போவார் போல இருக்கும்.

"எண்ணெய் ரப்பரைத் தின்னுருமுங்க. ஓடற வண்டின்னா தேஞ்சாவது மாத்துவாங்க. நின்ன வண்டிக்கு அதுவும் இல்ல. மேல பாத்தா மினுமினுன்னு இருக்கும், உள்ள நூலெல்லாம் விட்டிருக்கும்." கம்பியால் பக்கவாட்டில் லேசாக நெம்பினார். பளபளப்புக்கு அடியிலிருந்து கீறல்கள் திறந்துகொண்டன, சுற்றிலும், முடி முடியாக. நெம்பலை விட்டதும் மூடிக்கொண்டன.

கிளவுஸில் எண்ணெய் பட்டால் அரை மணியில் கிழியும், பவுடர்தான் போட வேண்டும் என்று வருஷா வருஷம் புதுசாக வரும் நர்ஸ் பெண்களுக்கு நான் பாடம் எடுக்கிறேன். இதே வாயால். வீட்டில் வந்து டயருக்கு எண்ணெய். பூஜை என்று வந்துவிட்டால் படித்த புத்தி எங்கே போய்த் தொலைகிறதோ.

அடுத்தது கேஜ் வைத்துப் பார்த்தார். ஒரு டயர், இரண்டு, மூன்று, நாலு. திரும்பவும் முதலிலிருந்து.

"நாலும் இருபத்தி நாலு பாயிண்ட். கடைசியா எப்ப காத்தடிச்சீங்க?"

"எட்டு வருஷத்துக்கு முந்தி."

பாய் சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்று பார்த்து நிறுத்திக்கொண்டார். "அம்மா, டியூப்ல மாசத்துக்கு ரெண்டு மூணு பாயிண்ட் தானா எறங்கும். ஒரு வருஷம்கூட நிக்காது. யாராவது அடிச்சிருப்பாங்க."

"சாவி என்கிட்டதான் இருக்குது பாய்."

கொட்டகையை ஒரு சுற்றுப் பார்த்தார். செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலுக்குப் போய் நின்றுதான் மீதியைச் சொன்னார். அந்த சைஸ் புது டயர் கடையில் இரண்டுதான் உண்டாம், மற்ற இரண்டு வர இரண்டு வாரமாம். இரண்டையாவது இப்போதே மாற்றிவிடலாமா என்றார். மாற்ற வேண்டுமானால் காற்றைப் பிடுங்க வேண்டும். வேண்டாம் என்றேன். ஏன் என்று சொன்னேன். பாய் கேஜைத் துணியில் துடைத்துப் பையில் போட்டார்.

"இருக்கட்டும்மா. வெச்சுக்குங்க. ஆனா இதுல புள்ளத்தாச்சிய மட்டும் ஏத்திராதீங்க."

7-3-97, வெள்ளி

க. போன். "கார் வருதுல்லம்மா? அப்பா கார்ல போயிட்டேன்னா எனக்கு பிரசவ பயமே இருக்காதும்மா." வரும் கண்ணு, வரும் கண்ணு. வாய் அதைத்தான் சொல்கிறது.

துரைசாமியிடம் பாய் சொன்னதைச் சொன்னேன். எதிர்பார்த்தது போலவே குதித்தார். "டயர் விக்கறவன் பழைய டயர நல்லா இருக்குதும்பானுங்களா? மீச கூட உதுரல. பஸ்ஸெல்லாம் மொட்டை டயர்லதான் ஓடுது. மொள்ளமா நாப்பதுல போனா போதுமுங்க."

யோசித்து யோசித்துத் தலைவலி. எழுதிப் பார்க்கிறேன்.

காரில் போக: க. ஆசை. சம்பந்தியம்மா வாய் அடங்கும். மீசை இருக்கிறது. அவர் காற்று.

வேண்டாம் என்று சொல்ல: கீறல். பாய். எழுபத்திரண்டு. என் எண்ணெய்.

இப்படி இரண்டு பக்கமும் எழுதினால் சின்னப் பிள்ளைக்கும் விடை தெரியும். ஆனாலும் கடைசியில் துரைசாமி சொன்னதற்குத் தலையாட்டிவிட்டேன். போவோம், போகும்போது வண்டி எப்படி இருக்கிறது என்று பார்ப்போம், சரியில்லை என்றால் க.வை வாடகைக் காரில் கூட்டி வருவோம். இது ஏற்பாடு. எவள் பெற்ற பிள்ளைக்காவது இப்படி ஓர் ஏற்பாடு சொன்னால் அவளைக் கிழித்துத் தொங்கவிடுவேன்.

கொட்டகையில் டிக் டிக் நின்றுவிட்டது. காலையிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. அது இன்னும் மோசமாக இருக்கிறது.

10-3-97, திங்கள்

நேற்று எழுத முடியவில்லை. வரிசையாக எழுதுகிறேன்.

மூன்று மணிக்கு அடுப்பு மூட்டி, ஒன்பது சோறும் ஏழுக்குள் தயார். மற்ற ஒறம்பரைகள், சொந்தபந்தம் எல்லாரும், பஸ்ஸில் கிளம்பினார்கள். காரில் துரைசாமி, மல்லிகா, நான், டிக்கியில் போசிகள். நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றினார் துரைசாமி. பின் இடது டயர் ஏறியபோது பழம் நசுங்கவில்லை. அப்படியே டயரில் ஒட்டிக்கொண்டு ஒரு சுற்று மேலே போய் வந்து விழுந்தது. மல்லிகா பார்த்தாள், நானும் பார்த்தேன். இரண்டு பேரும் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டோம்.

உக்கடம் தாண்டி நாற்பதில் போனார். வேகத்தில் தொம் தொம் எல்லாம் சேர்ந்து ஒரே முழக்கமாக இருந்தது. வெயில் ஏறிக்கொண்டே போனது. மல்லிகா தூங்கிவிட்டாள்.

கிணத்துக்கடவு தாண்டி முன்னால் தென்னை மட்டை ஏற்றிய மாட்டு வண்டிகள், வரிசையாக. ஊர்ந்துதான் போக வேண்டும். மறுபடி தொம், தொம். வாட்சைப் பார்த்தேன். எழுபத்திரண்டு. மனசு சமாதானமாகக்கூட இருந்தது, சொன்னால் வெட்கம். அப்போது இரண்டாவது சத்தம் ஒன்று கேட்டது. ஒவ்வொரு தொம்முக்கும் பின்னால் சின்னதாக, மெத்தென்று. என் சீட்டுக்கு நேர் அடியில். இதயத்தில் இப்படி வழக்கத்துக்கு மேல் ஒரு சத்தம் கூடுதலாகக் கேட்டால் டாக்டரைக் கூப்பிட ஓடுவோம்.

"நிறுத்துங்க."

"நங்கையா, இது காருங்க, உங்க வார்டு சீக்காளி இல்ல."

"துரைசாமி, இப்ப நிறுத்தலைன்னா கதவத் திறந்துட்டு குதிச்சுருவேன்."

புளியமரத்தடியில் நிறுத்தினார். பின் இடது டயரின் உள் பக்கம் குனிந்து பார்த்தேன். வீக்கம். முட்டை அளவு, வழுவழுவென்று. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பெரிசானது. வண்டி நிற்கிறது, இன்ஜின் அணைத்தாயிற்று, ஒருவரும் தொடவில்லை, அது மட்டும் வளர்கிறது. மல்லிகாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினேன். துரைசாமியும் பின்னாலேயே ஓடி வந்தார். இருபது அடி போயிருப்போம்.

வெடித்த சத்தத்தில் மரத்துக் காக்கைகள் மொத்தமும் கிளம்பின. மாடுகள் மிரண்டு ஒரு வண்டி குடை சாய்ந்தது. நல்ல வேளை, யாருக்கும் அடியில்லை. கார் அந்தப் பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்தது. பின் சீட்டுக் கதவு, நான் உட்கார்ந்திருந்த பக்கம், அடியில் பிளந்து உள்ளே வளைந்திருந்தது. க.வை அந்த இடத்தில்தான் உட்கார வைத்திருப்பேன். கர்ப்பிணிக்கு இடது பக்கம் நல்லது என்று.

நான் பக்கத்தில் போய் மூச்சை இழுத்தேன். எதற்கு என்று கேட்டால் எனக்கே தெரியாது. எட்டு வருஷக் காற்று, ஏதோ ஒரு வாசனை வரும் என்று நினைத்தேன் போல. ஒன்றும் இல்லை. ரப்பர் நாற்றமும் காறிய தேங்காய் எண்ணெயும். நடு ரோட்டில் உட்கார்ந்து அழுதேன். மல்லிகா பயந்தே போனாள்.

தேங்காய் லோடுக்குப் போன டெம்போவைக் கைகாட்டி நிறுத்தி, போசிகளை ஏற்றி, நாங்களும் பின்னால் ஏறிக்கொண்டோம். சம்பந்தி வீட்டு வாசலில் டெம்போவிலிருந்து குதித்தேன், பட்டுச் சேலையோடு. சம்பந்தியம்மா: "கார் வருதுன்னாங்க, நல்ல பெரிய காராத்தான் இருக்குது." எதுவும் உறைக்கவில்லை. சிரித்துக்கொண்டே உள்ளே போய் க.வைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். விடவே மனசில்லை. "என்னம்மா இது, எல்லாரும் பாக்கறாங்க."

சோறு ஒன்பதும் நன்றாக இருந்தது என்றார்கள். நெல்லிக்காய்தான் முதலில் தீர்ந்தது. க.வை வாடகைக் காரில் கூட்டி வந்து சேர்ந்தோம். வழியில் கிணத்துக்கடவு வந்ததும் நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

12-3-97, புதன்

மேகமூட்டம். புழுக்கம். டூட்டி இல்லை.

துரைசாமி இரவல் சக்கரம் மாட்டி நேற்று சாயங்காலம் காரைக் கொண்டு வந்து சேர்த்தார். இன்று காலை பாய் வந்து மீதி மூன்றையும் கழற்றினார். காற்றைப் பிடுங்கும்போது நான் வீட்டுக்குள் இருந்துகொண்டேன். உஸ்ஸென்ற சத்தம் சமையலறை வரை வந்தது. நீண்ட நேரம் வந்தது.

மத்தியானம் சாப்பிட்டபின் க. கட்டிலில், நான் கால் பிடித்துக்கொண்டிருந்தேன். வீக்கம் கொஞ்சம்தான், பயமில்லை. குழாய் வைத்துப் பார்த்தேன், குழந்தைக்கு நூற்று நாற்பது. நன்றாக உதைக்கிறது.

அவளிடம் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. "அம்மணி, உங்கப்பா டயர கெடுத்தது நான்தான். எண்ணெய் தடவித் தடவி." வெடித்தது, கதவு பிளந்தது, எல்லாம் சொன்னேன். அவள் இடத்தை மட்டும் சொல்லவில்லை.

அவள் கொஞ்ச நேரம் விட்டத்தைப் பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள், கண்ணில் தண்ணீரோடு.

"நீங்க வெளிய தடவுனீங்க. நான் உள்ள அடிச்சேன்."

"என்னத்த அடிச்ச?"

"காத்து. நீங்க நைட் டூட்டி முடிச்சுட்டு வந்து அடிச்சுப் போட்ட மாதிரி தூங்குவீங்கல்ல, இடுப்புலருந்து சாவி எடுத்துக்குவேன். மாசம் ஒருக்கா. அப்பா இருபத்தி நாலும்பாருல்ல, அதே அளவு. அப்பா தவறுன வருஷம் ஒரு நாள் டயர தொட்டுப் பாத்துட்டு நீங்க எப்படி அழுதீங்க, எறங்கிருச்சுன்னு. அப்பறம் ஒரு தடவகூட எறங்க விடல."

பதினாலு வயதுப் பெண். கால் பம்பை மிதித்திருக்கிறாள், மாதா மாதம், ஆறு வருஷத்துக்கு மேல். எனக்கு அந்த அழுகை ஞாபகமே இல்லை. அவளைப் பிடித்துக்கொண்டு இப்போது அழுதேன். அவர் காற்று இல்லையாம். என் பிள்ளையின் காற்றாம். அதற்குக் கோபம் வரும் என்று பார்த்தால் வரவில்லை, நெஞ்சு லேசானது. பத்து நாளாக என்னைப் பிடித்து ஆட்டியதற்கு இவ்வளவுதானா விஷயம்!

"கல்யாணத்துக்கு மொத நாள் கடைசியா அடிச்சுட்டு, பம்ப்ப பேப்பர்ல சுத்தி கொட்டகை பரண் மேல வெச்சேன். அதுக்கப்பறம் நீங்கதான பாத்துக்கிட்டீங்க?"

கல்யாணம் தொண்ணூற்றி ஐந்து ஆவணியில். ஒன்றரை வருஷம். மாதத்துக்கு இரண்டு மூன்று பாயிண்ட் இறங்கும் என்றார் பாய்.

"இரு, தண்ணி கொண்டுட்டு வாரேன்" என்று எழுந்து வந்தேன். கொட்டகைக்குப் போனேன். நல்ல வெளிச்சம், மூன்று மணி. ஏணி வைத்துப் பரணில் கைவிட்டதும் தட்டுப்பட்டது. பேப்பர் சுற்றி, சணல் கட்டி, அவள் சொன்ன இடத்திலேயே. சணலை அவிழ்த்தேன். பம்ப்பில் தூசியே இல்லை.

பேப்பரை விரித்துத் தேதி பார்த்தேன். போன மாதம். பிப்ரவரி மூன்று.

இந்த வீட்டில் க. கல்யாணத்தோடு பேப்பர் நிறுத்தியாயிற்று. வார்டில் டிபன் சுற்றித் தரும் பேப்பர் சில நாள் கைப்பையில் வரும். சாவி என் இடுப்பை விட்டு இறங்கியதில்லை. நைட் டூட்டி முடிந்து வந்தால் எனக்கு உலகமே தெரியாது. நானா? என் காலைப் பார்த்தேன். என் கால்தான்.

பேப்பரை மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டேன். பம்ப்பை மறுபடி மேலே வைக்கவும் மனசு வரவில்லை, கையில் பிடிக்கவும் மனசு வரவில்லை. தரையில் வைத்தேன்.

உள்ளேயிருந்து க. குரல்: "என்னம்மா, பம்ப் இருக்குதா? நீங்கதான அடிச்சீங்க?"

நிறை மாசம். பிரசவத்துக்கு இன்னும் மூன்று வாரம்.

"ஆமா கண்ணு" என்றேன். "நான்தான் அடிச்சேன்."